பைக்கைத் தாழ்த்தலாமா? ஸ்பிரிங் மாற்றலாமா? – வாசகர் கேள்வி, பதில்

ஹிமாலயன் 411 ஓட்டுகிறேன். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். வாய்க்கால் கரைச் சாலையில் ஓரம் கட்டி நிறுத்தினால் சரிவுப் பக்கம் கால் எட்டுவதில்லை. பின் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிட்டால் வண்டி இறங்கிவிடும் என்கிறார் மெக்கானிக். வெட்டலாமா?
– வாசகர், மன்னார்குடி

வெட்டவே வேண்டாம். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வண்டி தாழும், ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகில் ஏறும். அதைவிட மோசம், வெட்டிய முனை தட்டையாக இருக்காது. கிண்ணத்தில் சாய்ந்து உட்காரும், ஷாக் அப்சார்பரின் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும், சீல் ஒரு பக்கமாகத் தேயும். கிரைண்டர் சூட்டில் வெட்டிய இடத்தின் பதமும் போய்விடும். பிறகு முறிவது அந்த இடத்தில்தான்.

முதலில் சீட்டைப் பாருங்கள். இந்த வண்டியின் சீட் உயரம் 800 மி.மீ. நுரையில் 20 மி.மீ. குறைத்து, டேங்க்கை ஒட்டிய இரு ஓரங்களையும் ஒடுக்கித் தைத்தால் தொடைகள் அகலாமல் கால் நேராகக் கீழே இறங்கும். உயரத்தைவிட அகலம்தான் பலருக்குத் தடை. சீட் தைப்பவரிடம் ஒரு நாள் வேலை.

அது போதாவிட்டால் ‘சேக்’ அளவு எடுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதே சேக். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு குறி வரை அளந்து எழுதுங்கள். இது முதல் அளவு. வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது இரண்டாவது. ஹெல்மெட், ஷூ, பையோடு நீங்கள் உட்கார, ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, மூன்றாவது. ஒவ்வொரு முறையும் ஒரு தடவை அமுக்கி விட்டு அளவு, ஒரு தடவை தூக்கி விட்டு அளவு. இரண்டின் சராசரிதான் கணக்கு. உராய்வு ஏமாற்றாமல் இருக்க இதுவே வழி.

முதல் அளவில் மூன்றாவதைக் கழித்தால் வருவது ஓட்டுநர் சேக். மொத்த ஓட்டத்தில், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரத்தில், 30 சதவீதத்தை ஒட்டி அது இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு முன்னால் 200 மி.மீ., பின்னால் 180 மி.மீ. ஓட்டம், எனவே பின்னால் 50 முதல் 60 மி.மீ. சரி. நீங்கள் எடை குறைந்தவராக இருந்து 40தான் வந்தால், ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவை)த் தளர்த்தினாலே செலவில்லாமல் 10 மி.மீ.க்கு மேல் இறங்கும். ஏற்கெனவே 60 வந்தால் அதற்கு மேல் தளர்த்தாதீர்கள். மதகுப் பாலத்து மேட்டில் ஏறி இறங்கும்போது ஷாக்கின் ஓட்டம் தீர்ந்து அடி தட்டும்.

அதன் பிறகுதான் தாழ்த்தும் லிங்க் தகடுகள் (பின் ஷாக்கின் இணைப்பில் பழைய தகடுகளுக்குப் பதிலாகப் போடுபவை). 25 மி.மீ.யோடு நிறுத்துங்கள். பின்னால் மட்டும் தாழ்த்தினால் முன்பக்கம் லேசாகி, வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். ஹெட்லைட்டும் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஆகவே ஃபோர்க் குழாய்களையும் கிளாம்ப்பில் அதே அளவு மேலே ஏற்ற வேண்டும். எஞ்சினுக்குக் கீழே ஜாக் கொடுத்து, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை மெதுவாக இறக்குங்கள். இரு குழாயும் மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று வெர்னியரில் பார்த்துச் சமமாக்கி, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்குங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒயரோ கேபிளோ நசுங்குகிறதா என்று பாருங்கள்.

இனி கவனமாகப் பார்க்க வேண்டியவை. சைடு ஸ்டாண்ட் நீளமாகிவிடும். வண்டி நிமிர்ந்து நின்று ஆடிக் காற்றில் எதிர்ப்பக்கம் சாயும். அளந்து குறைத்து வெல்டு செய்ய வேண்டும். மெயின் ஸ்டாண்ட் போட அதிக பலம் தேவைப்படும். செயின் தொய்வை மறுபடி பார்க்க வேண்டும். 220 மி.மீ. தரை இடைவெளி 195 ஆகும். வர்ணம் பூசாத ஊர் வேகத்தடைகளில் நினைவிருக்கட்டும். கழற்றிய பழைய தகடுகளை எறியாதீர்கள்.

முன் ஃபோர்க்கில் விறைப்பான வெளிச் சந்தை ஸ்பிரிங் போட்டேன். பிரேக் பிடித்தால் முன்பு போல் குனிவதில்லை. ஆனால் சின்ன மேடுகளில் கை அதிர்கிறது. ஸ்பிரிங் தவறா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பெரும்பாலும் ஸ்பிரிங்கில் தவறில்லை, அதோடு வந்த மற்ற இரண்டில்தான்.

ஒன்று ஸ்பேசர், ஸ்பிரிங்குக்கும் மூடிக்கும் நடுவே வரும் குழாய்த் துண்டு. புது ஸ்பிரிங் நீளமாக இருந்தும் பழைய ஸ்பேசரையே போட்டால், மூடியை முறுக்கும்போதே ஸ்பிரிங் 30, 40 மி.மீ. அமுங்கிவிடும். தேவை 10 முதல் 20 மி.மீ. மட்டும். ஸ்பேசரை நேராக, செங்கோணமாக வெட்டுங்கள். ஸ்பிரிங்குக்கும் ஸ்பேசருக்கும் நடுவே வாஷர் கட்டாயம். ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைக்காது, வண்டி உயரும், அவ்வளவே. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஓட்டுநர் சேக் சரியாக இருந்தும் வண்டி தன் எடையில் அமுங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் மென்மை. தன் எடைக்கே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் அளவுக்கு மீறிய விறைப்பு.

இரண்டு, எண்ணெய். லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். புது ஸ்பிரிங் எடுத்துக்கொள்ளும் இடம் வேறு. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, எண்ணெய் ஊற்றி, ஃபோர்க்கைப் பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்றுங்கள். முழுதாக அமுக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளவுகோலால் அளந்து பாருங்கள். மட்டம் உயர்ந்தால் உள்ளிருக்கும் காற்று குறுகி, ஓட்டத்தின் கடைசிப் பகுதி கல்லாகும். அதிகமானால் சீல் வாய்விடும். கம்பெனி சொல்லும் அளவில் தொடங்கி 5 மி.மீ., 5 மி.மீ. ஆகத் திருத்துங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். 10W கேட்ட இடத்தில் 20W ஊற்றியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சாதாரண டாம்பர் ராடு ஃபோர்க்கில் கெட்டி எண்ணெய் போவதையும் வருவதையும் சேர்த்தே தடுக்கும், கை அதிர அதுவே போதும்.

மூடியைக் கழற்றும் முன் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்த மறக்காதீர்கள். கடைசி மரையில் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். ஸ்பிரிங் அதை முகத்தில் அடிக்கும் வேகத்தில் தள்ளும்.

அறுவடையில் 40 கிலோ நெல் மூட்டையைக் கட்டி, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவேன். கிளாசிக் 350. பின்னால் அடி தட்டுகிறது. நீளம் குறைந்த ஷாக் போட்டால் மூட்டை நிலையாக நிற்குமா?
– வாசகர், திருவாரூர்

நிற்காது, இன்னும் சீக்கிரம் தட்டும். நீளம் குறைந்தால் ஓட்டமும் குறையும், டயர் மட்கார்டில் உரசும். உங்கள் வண்டியின் பின் ஷாக்கில் ப்ரீலோடுக்கு 6 படிகள் உண்டு. மூட்டை ஏற்றும் நாளில் சி-ஸ்பேனரால் இரு பக்கமும் ஒரே படிக்கு ஏற்றுங்கள், டயர் காற்றையும் சுமைக்கான அளவுக்கு வையுங்கள். இறக்கிய பிறகு பழைய படிக்கே கொண்டு வாருங்கள். தினமும் சுமையென்றால் அதே நீளத்தில், விறைப்பு கூடிய ஸ்பிரிங் உள்ள ஷாக் வாங்குங்கள். ரீபவுண்டு (அமுங்கிய ஷாக் திரும்பி நீளும் வேகம்) திருத்தும் வசதி இருந்தால் நல்லது; ஸ்பிரிங் விறைத்தால் திரும்பித் தள்ளும் விசையும் கூடும், அதைக் கட்டுப்படுத்தாவிட்டால் வண்டி துள்ளும்.

இப்படி மாற்றினால் சட்டச் சிக்கல் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றியதுதான். பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் ஃபிரேமை வெட்டுவது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டுவது பக்கம் போகவே வேண்டாம். ஸ்பிரிங், ஷாக் மாற்றினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

புது ஆயில் சீல் போட்டும் மூன்றே மாதத்தில் ஃபோர்க் கசிகிறது.
– வாசகர், வேதாரண்யம்

சீலைக் குறை சொல்லும் முன் குழாயை நகத்தால் தடவிப் பாருங்கள். உப்புக் காற்றில் குரோம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் எந்தச் சீலும் தாங்காது. சீல் நடமாடும் பகுதியில் குழி ஆழமாக இருந்தால் குழாயை மாற்ற வேண்டும். குழாய் வழவழப்பாக இருந்தால் காரணம் சேறு. வண்டல் காய்ந்து குழாயில் ஒட்டி, அடுத்த அமுக்கத்தில் சீலின் உதட்டுக்குள் போகிறது. தூசி மூடியைக் கீழே இறக்கி, பழைய படச்சுருளை அதன் வளைவுக்கேற்ப வெட்டிச் சீலுக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினால் பல நேரம் மண் வெளியே வந்து கசிவு நிற்கும். மழைக்காலத்தில் ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் குழாயைக் கழுவித் துடையுங்கள். மெல்லிய துணியில் ஃபோர்க் ஆயில் தொட்டுப் பூசினால் போதும். கிரீஸ் வேண்டாம், அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.