வாசகர் கேள்வி பதில்: வளரிளம் பருவத்தினரின் பசியை அளப்பது

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பற்றி 35 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை நிரப்பிக் கொடுத்தேன். ‘உணவு ஈர்ப்பு’ பிரிவில் சராசரி 3.8 என்றார்கள். இது அதிகமா?

பதில்: நீங்கள் சொல்வது, லண்டனில் ஜேன் வார்டல் குழுவினர் 2001இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான உணவு நடத்தை வினாப்பட்டியல் போலத் தெரிகிறது. அதில் எட்டுப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு கூற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 1, ‘எப்போதும்’ என்றால் 5. ‘இதைத் தாண்டினால் ஆபத்து’ என்று எல்லைக்கோடு எதுவும் அதில் இல்லை. உணவைக் கண்டதும் சாப்பிடத் தோன்றும் இயல்பு அவளிடம் சற்றுத் தூக்கலாக இருப்பதாக நீங்கள் கருதுகிறீர்கள், 3.8 சொல்வது அவ்வளவுதான். எவ்வளவு சாப்பிடுகிறாள் என்பது அதில் இல்லை. அதே வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண்களோடு வைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

இன்னொன்று: பள்ளி கேன்டீனிலும் டியூஷன் போகும் வழியிலும் அவள் தின்பது உங்கள் கண்ணில் படாது. இந்த வயதில் பிள்ளையே பதில் சொல்வதுதான் சரி. பெரியவர்கள் தாங்களே நிரப்பும் வடிவம் 2016இல் வந்தது. பின்னர் 11 முதல் 18 வயதினரிடமும் அதைச் சோதித்தார்கள். ‘பசி’ என்ற பிரிவை விட்டுவிட்டால் மற்ற ஏழும் நன்றாகப் பொருந்தின.

கேள்வி: நான் சத்துணவியல் மாணவி. என் ஆய்வில் இதே வினாப்பட்டியலின் ‘வயிறு நிறைவு’ பிரிவின் ஐந்து கூற்றுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பட்டியலில் குறையா?

பதில்: முதலில் மதிப்பெண் போட்ட விதத்தைப் பாருங்கள். அந்தப் பிரிவில் ‘நல்ல பசி உள்ள பிள்ளை’ என்ற பொருளில் வரும் கூற்று மற்ற நான்குக்கும் எதிர்த்திசை. அதை 6இலிருந்து கழித்துத்தான் சேர்க்க வேண்டும். அதற்கு 4 வந்து, மற்றவற்றுக்கு 2, 1, 3, 2 வந்திருந்தால், திருப்பியபின் கூட்டல் 10, சராசரி 2.0. திருப்ப மறந்தால் 2.4. ஒருவருக்கு இது சின்ன வித்தியாசம்தான். ஆனால் நூறு பேருக்கும் அந்தக் கூற்று எதிர்ப்பக்கம் இழுத்தால், கூற்றுகளின் ஒத்திசைவைக் காட்டும் ஆல்ஃபா சரிந்துவிடும். இப்படித் திருப்ப வேண்டியவை ‘மெதுவாக உண்ணுதல்’, ‘உணவில் தேர்வு பார்த்தல்’ பிரிவுகளிலும் உண்டு.

முப்பத்தைந்தையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கும் வழக்கத்தைச் சில திட்ட அறிக்கைகளில் பார்க்கிறோம். அது வீண் வேலை. உணவை நாடும் பிரிவுகளும் விலக்கும் பிரிவுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நடுவில் ஒரு எண்தான் மிஞ்சும். ஆனால் மனம் சோர்ந்தால் அதிகம் உண்பதும், சோர்ந்தால் சோற்றைத் தொடாமல் இருப்பதும் ஒரே பிள்ளையிடம் உயர்ந்திருக்கலாம். அதைப் பிழை என்று அழித்துவிடாதீர்கள்.

எடை, உயரம் எடுத்த பிறகு படிவத்தைக் கொடுக்காதீர்கள். தராசில் ஏறி இறங்கிய பிள்ளை பதிலைக் குறைத்து எழுதும். தேர்வு வாரமும் நோன்பு நாட்களும் வேண்டாம். பக்கத்து பெஞ்சுத் தோழி எட்டிப் பார்க்காதபடி உட்கார வையுங்கள்.

கேள்வி: அந்த நேரத்துப் பசியை அளக்க என்ன வழி?

பதில்: 100 மி.மீ. கோடு. இடது முனையில் ‘கொஞ்சமும் பசி இல்லை’, வலது முனையில் ‘இதைவிடப் பசித்ததே இல்லை’. கோட்டின் குறுக்கே ஒரு சிறு கோடு போடச் சொல்லி, இடது முனையிலிருந்து அளவுகோலால் அளக்க வேண்டும். வயிறு நிறைவு, சாப்பிடும் ஆசை, எவ்வளவு சாப்பிட முடியும் என்பவற்றுக்குத் தனித்தனிக் கோடுகள்.

எல்லோருக்கும் ஒரே காலை உணவு, ஒரே அளவு. உண்ணும் முன் ஒரு முறை, பிறகு 30, 60, 120, 180 நிமிடங்களில். ஒவ்வொரு முறையும் புதுத் தாள். பழைய குறி கண்ணில் பட்டால் கை அதையே தேடிப் போகும். உண்ணும் முன் 72, 30ஆம் நிமிடத்தில் 20 என்றால், (72+20)÷2×30 = 1380. இப்படித் துண்டு துண்டாகக் கணக்கிட்டுக் கூட்டினால், நேரத்தோடு பசி ஏறி இறங்குவதைக் காட்டும் வளைவின் கீழுள்ள மொத்தப் பரப்பு கிடைக்கும்.

கெடுவது பெரும்பாலும் அச்சில்தான். பக்கத்துக்குள் அடக்கும்படி அச்சிட்டாலோ ஜெராக்ஸ் எடுத்தாலோ கோடு 96 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாளை அளந்து பாருங்கள். பாதிப் பேருக்குத் தாள், பாதிப் பேருக்குக் கைபேசி என்று கலக்க வேண்டாம்.

கேள்வி: உண்ணுதல் கோளாறைக் கண்டுபிடிக்க இவை போதுமா?

பதில்: போதாது. அதற்கு வேறு பட்டியல்கள் உண்டு. ஸ்காஃப் (1999) ஐந்தே கேள்வி. இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஈட்-26 (1982) பட்டியலில் 20ஐத் தொட்டால் அதே முடிவு. இரண்டுமே சல்லடைதான், நோயறிதல் அல்ல. ஸ்காஃப், மூன்று மாதத்தில் சுமார் ஆறு கிலோ குறைந்ததா என்று கேட்கும். வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நிற்பதே எச்சரிக்கைதான். அதைத் தனியாகக் கேளுங்கள்.

படிவத்தில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். ஆனால் எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒருவரிடம் பூட்டி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், ‘சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாலும் யார் என்று தெரியாமல் நிற்பீர்கள். தேவைப்பட்டால் அந்தப் பட்டியலைத் திறப்போம் என்பதைப் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், பிள்ளையிடமும்.