‘நம்ம டீம்’ யாருடைய டீம்?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். டர்பன் சிட்டி, தென்னாப்பிரிக்க சாக்கரின் மேல்மட்ட லீகான பிரீமியர்ஷிப்புக்கு வந்தாயிற்று. மேனிங் ரேஞ்சர்ஸ் கிளப் போனதற்கு அப்புறம் டர்பனில் நம் சாட்ஸ்வொர்த் பக்கம் பெரிய சாக்கர் இல்லையே என்று ஏங்கிக் கிடந்தவன் நான். ஆனால் சின்ன கிளப், சீஃப்ஸ், பைரேட்ஸ் மாதிரி பெரிய கிளப்புகளின் ரசிகர் பலம் கிடையாது. பணக்கணக்கைப் பார்த்தால் நம்ம டீம் எத்தனை வருஷம் தாங்கும்? நம் பத்திரிகை இதற்கு ஏதாவது செய்யக்கூடாதா?
— ஒரு வாசகர், ஷால்கிராஸ்

பதில்: பணக்கணக்குக்கு அப்புறம் வருகிறேன். "நம்ம டீம்" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்வோம். 2024 வரைக்கும் இந்த டீமின் பெயர் மாரிட்ஸ்பர்க் யுனைடெட். என்-3 சாலையில் 80 கிலோமீட்டர் தள்ளி, பீட்டர்மாரிட்ஸ்பர்கின் ஹாரி க்வாலா ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நார்த்டேலிலும் ரைஸ்தோர்ப்பிலும் இருக்கிற நம் மாமன் மச்சான்கள் அதைத்தான் "நம்ம டீம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் டீம் பிரீமியர்ஷிப், அதாவது பிரீமியர் டிவிஷனிலிருந்து இறங்கியது. மறு வருஷம் பெயரை மாற்றி, ஊரை மாற்றி, சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்து, இரண்டாவது டிவிஷனில் முதலிடம் பிடித்து 2025-ல் மேலே ஏறியது. நமக்குச் சந்தோஷம்தான், எனக்கும்தான். ஆனால் அங்கே ஒரு ஊர் வெறுங்கையோடு நிற்கிறது. அந்த ஊர்க்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதே ஹாரி க்வாலா ஸ்டேடியத்தில் ஆடிய இன்னொரு டீம் ராயல் ஏஎம். 1969-ல் தொடங்கிய ப்ளூம்ஃபொன்டைன் செல்டிக் கிளப்பின் ஸ்டேட்டஸை, அதாவது லீகில் அதற்கிருந்த இடத்தை, 2021-ல் ஷான் ம்கீசே விலைக்கு வாங்கினார். அப்படி வந்த டீம் முதலில் ஆடியது நம் சாட்ஸ்வொர்த்தில்தான். அப்போதும் எனக்கு "நம்ம டீம்" கடிதங்கள் வந்தன. அப்புறம் அது மாரிட்ஸ்பர்குக்குப் போனது. தானே பண நெருக்கடியில் இருந்த அந்த ஊரின் உம்சுண்டூசி நகராட்சி, மூன்று வருஷத்துக்கு 27 மில்லியன் ராண்ட் ஸ்பான்சர் தருகிறேன் என்று 2023-ல் முடிவெடுத்து ஊரையே கொதிக்க வைத்தது. வரி கட்டுகிறவன் பணம் அது. அதன் பிறகு, சமீர் நுர்கோவிச் என்ற ஆட்டக்காரருக்குத் தர வேண்டியதைத் தராததால், புது ஆட்டக்காரரைச் சேர்க்க ஃபீஃபாவின் தடை. உரிமையாளரின் வரிபாக்கிக்காக வரித்துறையான சார்ஸ் வந்து கிளப்பைப் பிடித்தது. மேட்ச்கள் நின்றன. 2025 ஏப்ரலில் லீக் அந்த டீமை வெளியே அனுப்பியது. பிரீமியர் டிவிஷன் டீம் இரண்டு ஆடிய ஊர் அது. இன்று அங்கே ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் காரணம் அந்த ஸ்டேட்டஸ் என்கிற சரக்குதான். பிரீமியர் டிவிஷனில் 16 இடம். ஒரு இடத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு லீக் மாதாமாதம் கிராண்ட் தருகிறது. 2 மில்லியன் ராண்டுக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 2007-ல் சூப்பர்ஸ்போர்ட் டிவி உரிமைக்குப் பெரும் பணம் கொடுத்ததிலிருந்து அந்த இடத்துக்கு மதிப்பு ஏறிவிட்டது. கீழிருந்து ஆடி ஜெயித்து வர வருஷக்கணக்காகும். பணம் இருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். 1921-ல் பல்கலைக்கழகத்தில் பிறந்த விட்ஸ், 2017-ல் லீக் பட்டம் வென்றது. 2020-ல் அந்த ஸ்டேட்டஸ் விற்கப்பட்டு லிம்போபோவுக்குப் போனது. நம் டர்பனின் அமாஸூலு கிளப்பே 2017-ல் தாண்டா ராயல் ஸூலுவின் ஸ்டேட்டஸை வாங்கித்தான் மேலே வந்தது. மூன்று முறை தொடர்ந்து சாம்பியனான சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட் 2025-ல் விற்கப்பட்டு, சிவெலெலே என்ற பெயரில் ப்ளூம்ஃபொன்டைனுக்குப் போனது. செல்டிக்கை இழந்து நாலு வருஷம் அழுத அந்த ஊருக்கு ஆறுதல் கிடைத்தது நல்லதே. சூப்பர்ஸ்போர்ட்டின் சொந்த ஊரான பிரிட்டோரியாவில் இப்போது வேறு சிலர் அழுகிறார்கள். இதை விதி என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. வேறு ஊருக்கு ஸ்டேட்டஸை விற்பதை லீக் ஒரே தீர்மானத்தில் நிறுத்தலாம். நிறுத்தாததற்குக் காரணம், ஓட்டுப் போடும் உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் நாளைக்கு விற்க ஒரு சொத்து வேண்டும் என்பதுதான்.

மேனிங் ரேஞ்சர்ஸுக்காக ஏங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். 1928-ல் ஜி.ஆர். நாயுடு தொடங்கிய கிளப். பிஎஸ்எல் என்ற லீக் 1996-ல் ஆரம்பித்தபோது, முதல் சீசனிலேயே, சீஃப்ஸையும் பைரேட்ஸையும் சன்டௌன்ஸையும் தள்ளிவிட்டுப் பட்டத்தைத் தூக்கியது நம் ரேஞ்சர்ஸ். கோச் கார்டன் இகசண்ட். அந்த சீசனைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: இந்த நாட்டின் புதிய லீகின் முதல் சாம்பியன், சாட்ஸ்வொர்த்தில் ஆடிய டீம். பத்து வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 2006-ல் ஃபிடென்ஷியா என்ற முதலீட்டுக் கம்பெனி அதை வாங்கி, கேப் டவுனுக்குக் கொண்டுபோய், ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ் என்று பெயர் வைத்தது. 2007 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியே நீதிமன்றக் கண்காணிப்புக்குள் போனது. சுரங்கத் தொழிலாளிகளின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய பணம் அதன் கையில் சிக்கிக் காணாமல் போன கதை நாடறிந்தது. நம் 1928-ம் வருஷக் கிளப் கடைசியில் அப்படிப்பட்ட கையில் போய் விழுந்தது. யார் தடுத்தோம்? சாட்ஸ்வொர்த்தில் எத்தனை பேர் ஒரு கூட்டம் போட்டோம்?

சரி, பணக்கணக்கு. சின்ன கிளப்புக்கு வருமானம் நாலு வழியில். லீக் கிராண்ட், ஸ்பான்சர், டிக்கெட், ஆட்டக்காரரை விற்கிற பணம். டிக்கெட்டை நம்பிக் கிளப் நடத்த முடியாது. 2001-ல் எல்லிஸ் பார்க்கில் நெரிசலில் 43 பேர் செத்ததற்குப் பிறகு, 2010-ல் ஸ்டேடியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். ஆனால் செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் ஏற்பாடு, ஸ்டேடிய வாடகை என்று கூட்டிப் பார்த்தால், கூட்டம் குறைந்த நாளில் சொந்த மைதானத்தில் ஆடுவதே நஷ்டம். அதனால்தான் சின்ன கிளப்புகள் சீஃப்ஸும் பைரேட்ஸும் வருகிற நாளில் மேட்சைப் பெரிய ஸ்டேடியத்துக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன. வருஷம் முழுக்க வெயிலில் உட்கார்ந்தவனுக்கு அந்த ஒரு நல்ல நாளும் இல்லை.

ஆட்டக்காரரை விற்பது இன்னும் பெரிய சங்கடம். இதே கிளப் மாரிட்ஸ்பர்க் யுனைடெட்டாக இருந்தபோது, 2017-18 சீசனில் ஃபட்லு டேவிட்ஸ் கோச்சாக, நாலாவது இடத்துக்கு வந்தது. நெட்பேங்க் கோப்பை ஃபைனல் வரை போனது. சீசன் முடிந்ததும் லெபோஹாங் மபோவே சன்டௌன்ஸுக்குப் போனார். அடுத்த சீசன் பாதியில் கோச் நீக்கப்பட்டார். டீம் பிளே-ஆஃப் ஆடித்தான் தப்பியது. அதற்கப்புறமும் ரூஷைன் டி ருயெக் சன்டௌன்ஸுக்கு, பொங்கோகுலே லோங்வானே அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு. நல்ல பையனை வளர்த்தால் விற்றாக வேண்டும், விற்றால் கீழே இறங்க நேரும், இறங்கினால் கிராண்ட் பல மடங்கு சுருங்கும். உரிமையாளர் ஃபரூக் கடோடியா இந்தச் சுழலில் பல வருஷம் தாக்குப்பிடித்தவர். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் ஒரு மனிதரின் பொறுமையை வைத்து எத்தனை வருஷம் என்று நான் எப்படிச் சொல்வது? அவர் விற்க நினைத்தால் நம்மைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில்.

இந்த இடத்தில் இன்னொரு வாசகருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கோயில் செய்தி வருகிற பத்திரிகையில் சாக்கர் எதற்கு என்று பல வருஷமாக எழுதி வருகிறார் ஒரு பெரியவர். ஐயா, தைப்பூசக் காவடி எந்த அளவுக்கு நம் சரித்திரமோ, பந்தும் அந்த அளவுக்கு நம் சரித்திரம். சாம் சைனா கோப்பைக்காக மாகாணம் மாகாணமாக இந்தியர்கள் மோதத் தொடங்கியது 1903-ல். டர்பனின் மேகசின் பேரக்ஸில் குடியிருந்த நகராட்சித் தொழிலாளிகள், வேலை முடிந்து வெறுங்காலோடு ஆடியவர்கள், நம் தாத்தாக்கள். 1961-ல் நிறம் பார்க்காத லீக் ஒன்று ஆரம்பித்தது. அதில் அவாலன், ஏஸஸ் யுனைடெட் டீம்கள் ஆடினால் டர்பனின் கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் நிற்க இடம் இருக்காது. அந்த லீகை யாரும் மைதானத்தில் தோற்கடிக்கவில்லை. நிறவாரியாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி மைதானத்தையே கொடுக்காமல் நெரித்தார்கள், 1966-க்குள் ஓய்ந்தது. அப்புறம் 1969-ல் ஃபெடரேஷன் புரொஃபெஷனல் லீக். நிறவெறி இருக்கும்வரை இயல்பான விளையாட்டு கிடையாது என்று கிரிக்கெட் நிர்வாகி ஹாசன் ஹோவா சொன்ன கொள்கைக்காக, பெரிய பணமும் புகழும் வேண்டாம் என்று ஆடினார்கள். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பலரின் பெயர் இன்று மறந்துபோய்விட்டது. அந்தக் கடனை நான் இந்தப் பக்கத்தில்தான் அடைக்க முடியும், தொடர்ந்து அடைப்பேன்.

அவர்களுக்கு மைதானத்தைச் சட்டம் மறுத்தது. நமக்கு மைதானம் இருக்கிறது, நாம் போவதில்லை. சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் சென்டரில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் ஜெர்சி. லிவர்பூல் தோற்றால் ராத்திரி சோறு இறங்காதவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதைப் பார்க்க டிஸ்டிவி சந்தாவை மாசம் தவறாமல் கட்டுகிறோம். பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கிற ஸ்டேடியத்துக்கு ஒரு டிக்கெட் வாங்க யோசிக்கிறோம். இங்கிலாந்துச் சாக்கரைப் பார்க்கிறவர்கள் விம்பிள்டன் கதையையும் படிக்கட்டும். 2002-ல் அந்த கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தபோது, ரசிகர்கள் தாங்களே புதுக் கிளப் தொடங்கி, அடிமட்டத்திலிருந்து ஆடி, 2011-ல் ஃபுட்பால் லீகுக்குள் வந்தார்கள். ஜெர்மனியில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது பொது விதி.

நம்மிடம் அதற்கான பழக்கம் இல்லாமலும் இல்லை. கோயில் ஆண்டுக்கூட்டத்தில், கஞ்சி ஊற்றுகிற நாளுக்கு வாங்கிய அரிசிக்கு 50 ராண்ட் அதிகமாக எழுதியிருந்தால்கூட எழுந்து கேட்கிறோம். பணம் போட்டிருக்கிறோம், அதனால் கேட்கிறோம். அந்த உரிமையை இந்த கிளப்பிலும் வாங்க வேண்டும். வருஷ உறுப்பினர் கட்டணம், அதற்கு ஈடாக நிர்வாகத்தில் ரசிகர்களுக்கு ஒரு இடம், ஸ்டேட்டஸை விற்பதென்றால் அந்த ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டும் என்ற எழுத்து. நூறு பேர் கேட்டால் சிரிப்பார்கள். ஐயாயிரம் பேர் பணத்தோடு கேட்டால் எந்த உரிமையாளரும் உட்கார்ந்து பேசுவார்.

பத்திரிகை என்ன செய்யும் என்று கேட்டீர்கள். அடுத்த இதழ் முதல் டர்பன் சிட்டியின் மேட்ச் நாள், இடம், டிக்கெட் விவரம் பின் அட்டையில் வரும். உறுப்பினர் திட்டம் வருமா, நிர்வாகத்தில் ரசிகருக்கு இடம் உண்டா, சீஃப்ஸ் மேட்ச் சாட்ஸ்வொர்த்தில் நடக்குமா என்ற மூன்று கேள்விகளை கிளப்புக்கு எழுதி அனுப்புகிறோம். பதில் வந்தால் அப்படியே போடுவோம், வராவிட்டால் வரவில்லை என்று ஒவ்வொரு இதழிலும் போடுவோம். மாரிட்ஸ்பர்கிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் அதே பக்கத்தில் இடம் உண்டு. நீங்கள் உங்கள் தெருவில் இருபது பேரைச் சேர்த்து, பெயர்ப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள்.