சொற்களை மாற்றிப் பார்த்தும் மெயில் ஸ்பேமுக்கே போகிறதே, ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பின்னலாடை ஏற்றுமதி செய்கிறீர்கள். பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, அனுப்பும் மெயில்கள் 2024-இலிருந்து அடிக்கடி ஸ்பேமில் போய் விழுகின்றன. 'ஆஃபர்', 'இலவசம்' போன்ற சொற்களையும் ஆச்சரியக்குறிகளையும் எடுத்துப் பார்த்துவிட்டீர்கள், பலன் இல்லை. ஸ்பேம் தடுப்பில் அப்படி என்னதான் மாறிவிட்டது?

முதலில் அந்தச் சொற்களை விட்டுவிடுங்கள். மெயிலை அனுப்பியது யார், அவர் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மைதானா, அவருடைய முந்தைய மெயில்களைப் பெற்றவர்கள் அவற்றை என்ன செய்தார்கள் என்பதைத்தான் இப்போது பெரிய மெயில் சேவைகள் முதலில் பார்க்கின்றன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான். திருப்பூர், கோவைப் பக்கம் சிறு நிறுவனங்களின் மெயில் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 'ஸ்பேமுக்குப் போகிறது' என்று வரும் புகார்களில் மெயிலின் வாசகம் காரணமாக இருந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சொற்களை எண்ணும் காலம் ஒன்று இருந்தது உண்மைதான். 2002-ஐ ஒட்டி, ஒரு சொல் ஸ்பேமில் எவ்வளவு வருகிறது, நல்ல மெயிலில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டுத் தீர்ப்புச் சொல்லும் பேஸியன் முறை பரவியது. கொஞ்ச காலம் பிரமாதமாக வேலை செய்தது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் சும்மா இருப்பார்களா? எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தார்கள், வாசகத்தையே படமாக்கினார்கள், அடியில் சம்பந்தமில்லாத கதைப் பத்திகளை ஒட்டினார்கள். இன்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிழையில்லாத ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும், ஏன் தமிழிலும்கூட, ஏமாற்று மெயிலை நிமிடத்தில் எழுதிவிடலாம். 'எழுத்துப்பிழை இருந்தால் மோசடி' என்று நாம் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இனி உதவாது. வடிகட்டிகள் வாசகத்தை விட்டு ஆளைப் பிடிக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிப்படைச் சிக்கல் இன்னும் பழையது. மெயில் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி விதிகள் 1982-இல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் இடத்தில் யார் பெயரைப் போட்டாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும் என்பதே நடைமுறை. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே இருந்த வலை அது, சந்தேகப்பட வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. அப்போது விட்டுப்போன அடையாளச் சோதனையைத்தான் பிறகு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று தவணையாக ஒட்டிச் சேர்த்தார்கள்.

தபாலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரி இருக்கும், உள்ளே லெட்டர்ஹெட்டில் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். மெயிலிலும் அப்படி இரண்டு உண்டு. உறை முகவரி சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, படிப்பவர் கண்ணில் படாது. படிப்பவர் பார்ப்பது லெட்டர்ஹெட்டை மட்டும்தான். உறையில் உள்ள டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) சார்பாக அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி என்று, டொமைன்களுக்கான பொது முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் பட்டியல் போட்டு வைப்பது எஸ்பிஎஃப். மெயிலில் ஒரு டிஜிட்டல் கையொப்பம் போட்டு, அதைச் சரிபார்க்கும் சாவியை டிஎன்எஸ்ஸில் வைப்பது டிகிம். இந்த இரண்டில் ஒன்றாவது லெட்டர்ஹெட்டில் உள்ள டொமைனோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இந்த மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 'ஒத்துப்போக வேண்டும்' என்ற அந்த நிபந்தனையில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

ஓர் உதாரணம். உங்களைப் போன்ற ஒரு நிறுவனம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் கையால் அனுப்பும் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பில்லிங் மென்பொருளிலிருந்து தானாகப் போகும் புரொஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டிய விலைப்பட்டியல்) மட்டும் ஸ்பேமுக்குப் போனது. அந்த இன்வாய்ஸ் ஒன்றைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லி, ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' திறந்தோம். மேலே சின்ன அட்டவணை: எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் ஃபெயில். இரண்டும் பாஸ் என்றால் மூன்றாவது எப்படித் தோற்கும் என்று முதலாளிக்குக் குழப்பம். கொஞ்சம் கீழே பார்த்தால் விடை இருந்தது. எஸ்பிஎஃப் தேறியது மென்பொருள்காரரின் டொமைனுக்கு. டிகிம் கையொப்பமும் அவர்களுடையதே. லெட்டர்ஹெட்டில் மட்டும் நம் நிறுவனத்தின் பெயர். பெறுகிற சர்வரின் பார்வையில், யாரோ ஒருவர் தன்னுடைய நல்ல அடையாள அட்டையைக் காட்டிவிட்டு இன்னொருவர் பெயரில் பில் கொடுக்கிறார். அது சந்தேகப்பட்டது நியாயம்தான்.

சரிசெய்வது கடினமில்லை. அந்த மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் சொந்த டொமைனைப் பதிவுசெய்து, அவர்கள் கொடுத்த சிநேம் பதிவுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடுபவை) டிஎன்எஸ்ஸில் சேர்த்தோம். அதன் பிறகு கையொப்பம் நிறுவனத்தின் சொந்தப் பெயரில் விழுந்தது, மூன்றும் பாஸ் ஆயின. உங்கள் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் இதைப் பாருங்கள். கூடவே, டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். புதுச் சேவை சேர்க்கும்போதெல்லாம் யாராவது இரண்டாவதாக ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள், உடனே இரண்டும் செல்லாமல் போகும். ஒரே பதிவாக இருந்தாலும், அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது.

சரி, ஏன் 2024-இலிருந்து? 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் ஒரே நேரத்தில் அறிவித்த விதிகள் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், விலகல் கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். 'நாங்கள் அவ்வளவு அனுப்புவதில்லையே' என்பீர்கள். குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்கிறது கூகுள். 2025 மே 5 முதல் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இதையே கேட்கிறது. தேறாத மெயிலை ஜங்க் ஃபோல்டரில் போடுவதாகத்தான் முதலில் சொன்னார்கள், பிறகு வாசலிலேயே 550 5.7.515 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புவதாக மாற்றிக்கொண்டார்கள். ஜிமெயில் திருப்பி அனுப்பினால் 550 5.7.26 என்று வரும். திரும்பி வரும் பவுன்ஸ் மெயிலைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். காரணம் பெரும்பாலும் அந்த எண்ணிலேயே இருக்கும்.

இந்த விதிகள் சிறு நிறுவனங்களுக்குத் தொல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024-இல் மட்டும் அடையாளம் காட்டாத மெயில்கள் ஜிமெயிலுக்கு 26,500 கோடி குறைந்தன, அதாவது 65% வீழ்ச்சி என்று கூகுள் சொல்லியிருக்கிறது. இருபது வருடம் 'விருப்பமிருந்தால் செய்யுங்கள்' என்று கேட்டு நடக்காதது, 'செய்யாவிட்டால் ஏற்க மாட்டோம்' என்றதும் நடந்தது.

ஆனால் அடையாளம் காட்டிவிட்டால் மட்டும் இன்பாக்ஸில் இடம் கிடைத்துவிடாது. ஸ்பேம் தொழில் செய்பவருக்கும் டொமைன் வாங்கத் தெரியும், மூன்று பதிவுகளையும் சரியாகப் போடத் தெரியும். உங்கள் பெயர் உங்களுடையதுதான் என்று நிரூபணமானதும், அந்தப் பெயருக்கு என்ன மரியாதை என்று பார்க்கிறார்கள். அதில் மிகவும் முக்கியமானது, பெறுபவர்கள் 'இது ஸ்பேம்' பட்டனை அழுத்தும் விகிதம். 0.1 சதவீதத்துக்குள் வையுங்கள், 0.3 சதவீதத்தை எட்டவே விடாதீர்கள் என்கிறது கூகுள். ஆயிரம் பேருக்கு அனுப்பி மூன்று பேர் அழுத்தினால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இந்த விகிதத்தை இலவசமாகக் காட்டுகிறது. அனுப்பும் அளவு கொஞ்சமாவது இருந்தால்தான் அதில் தகவல் தெரியும்.

இங்கே நம் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கண்காட்சிக்குப் போய் வந்ததும் கையில் வந்த விசிட்டிங் கார்டை எல்லாம் எக்செல்லில் ஏற்றி மாதா மாதம் கேட்டலாக் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதைவிட மோசம், 'ஐரோப்பிய இறக்குமதியாளர் பட்டியல்' என்று வாட்ஸ்அப்பில் விலைக்கு வரும் கோப்பு. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அதில் உள்ளவர்கள் உங்களைக் கேள்விப்பட்டதே இல்லை, பட்டனை அழுத்தத்தான் செய்வார்கள். அந்தக் கோப்பில் பொறி முகவரிகளும் கலந்திருக்கும். யாரும் பயன்படுத்தாத, எந்தப் பட்டியலிலும் சேர்ந்திராத முகவரிகளை, ஸ்பேம் அனுப்புகிறவர்களைத் தடுக்கும் பட்டியல் நடத்துகிறவர்கள் வேண்டுமென்றே இணையத்தில் விட்டு வைக்கிறார்கள். அதற்கு மெயில் வந்தால், அனுப்பியவர் அனுமதி கேட்காமல் முகவரி திரட்டியவர் என்று அர்த்தம். ஸ்பேம்ஹாஸ் மாதிரி ஒரு பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கேட்டலாக் மட்டுமல்ல, எல்சி (வங்கி தரும் கடன் கடிதம்) பற்றிய அவசர மெயிலும் சேர்ந்து நின்றுபோகும். கேட்டலாக் அனுப்பத்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனித் துணை டொமைன் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். விலகும் பட்டனையும் ஒளித்து வைக்காதீர்கள். அது கண்ணில் படாதவர் ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவார்.

'எங்கள் மெயிலை 60 சதவீதம் பேர் திறக்கிறார்கள்' என்று மார்க்கெட்டிங் மென்பொருள் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மெயிலைப் பெறுபவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது. படம் இறங்கினால் மெயில் திறக்கப்பட்டதாகவே மென்பொருள் எண்ணும், திறந்ததாகக் கணக்கு ஏறுவது அதனால்தான். பதில் வருகிறதா என்று பாருங்கள், அதுதான் நம்பத்தக்கது.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. சொந்த சர்வர் வைத்து மெயில் நடத்துவது இன்று பெரும் பாடாகிவிட்டது. பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் வெளியேறும் வழியான 25-ஆம் போர்ட்டையே அடைத்து வைத்திருக்கின்றன. பக்கத்து ஐபி முகவரிக்காரர் ஸ்பேம் அனுப்பினால் உங்கள் மெயிலும் மாட்டிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் சர்வர் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்த மெயில், கொஞ்சம் கொஞ்சமாகச் சில பெரிய நிறுவனங்களின் கைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பேமை ஒழிப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது, சிறிய விலை இல்லை.

இவ்வளவுக்கும் மேலே ஏன் இதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன் என்றால், வங்கிக் கணக்கு மோசடிக்காக. ஏற்றுமதியில் இருப்பவருக்கு இது புதிதல்ல. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை பணத்தைக் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும்' என்று உங்கள் பெயரிலேயே பையருக்கு மெயில் போகும். கப்பலில் சரக்கு போய்விட்டது, பணம் வேறு யாருக்கோ போயிருக்கும். தையல் செலவு, டையிங் பாக்கி, கூலி எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கும். உங்கள் டொமைனையே அப்படிப் போலியாகப் போடுவதைத் தடுக்க டிமார்க்கால் முடியும், ஆனால் அதன் கொள்கை 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று இருக்க வேண்டும். பெரும்பாலோர் விதிக்காக 'நன்' (none, எதுவும் செய்யாதே) என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது வேடிக்கை பார்க்குமே தவிர எதையும் தடுக்காது. ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வாங்கிய போலி டொமைனை டிமார்க்கால் தடுக்க முடியாது. அதற்கு, கணக்கு எண் மாறினால் போனில் பேசி உறுதிசெய்துகொள்வது என்று பையரோடு முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான் வழி. நம் ஊர் வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் டொமைனுக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும் இந்த மாதிரிப் போலிப் பெயர்களுக்காகத்தான்.

ஆனால் 'ரிஜெக்ட்'டுக்கு ஒரே நாளில் தாவாதீர்கள். 2014 ஏப்ரலில் யாஹூ அப்படி மாற்றியபோது, குழு மெயில்களில் எழுதிக்கொண்டிருந்த யாஹூ பயனர்களின் மெயில்கள், குழுவின் சர்வர் வழியாகப் போனதால் அடையாளம் ஒத்துப்போகாமல், உலகெங்கும் திரும்பி வந்தன. முதலில் 'நன்' என்று வைத்து, அறிக்கைகள் ஒரு மெயில் முகவரிக்கு வரும்படி செய்யுங்கள். உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்புகிறது என்று அதில் தெரியும். பில்லிங் மென்பொருள், இணையதளத்தின் விசாரணைப் படிவம், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, எல்லோரும் மறந்துபோன பழைய ஹோஸ்டிங் கணக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றைச் சரிசெய்துகொண்டே 'குவாரண்டைன்' (ஸ்பேமில் ஒதுக்கிவை), அப்புறம் 'ரிஜெக்ட்' என்று நகருங்கள். இதற்கிடையில் மொத்த மெயிலை நிறுத்திவிட்டு, தினமும் பேசும் பையர்களோடு மட்டும் மெயிலில் பேசுங்கள். அவர்களிடம், ஸ்பேமில் விழுந்த உங்கள் மெயிலைத் திறந்து 'ஸ்பேம் இல்லை' என்று அழுத்தி ஒரு வரி பதில் எழுதச் சொல்லுங்கள். கெட்ட பெயர் தேறுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரையிலும் இன்வாய்ஸ் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.