மலாவிக்கு வரும் தங்கைக்கு

"ஜனவரியில் மலாவிக்கு வருகிறேன் அக்கா. தெற்கே ஒரு திருச்சபை மருத்துவமனையில், குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஓராண்டு தன்னார்வ ஊழியம். என்னென்ன எடுத்து வர வேண்டும்? என்னால் அங்கே பயன் இருக்குமா? தனிமை என்னைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தீர்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கத்திலிருந்து நானும் இப்படித்தான் ஓராண்டுக்கென்று செவிலியாக வந்தேன். ஆப்பிரிக்காவில் இந்த மலாவியின் தெற்கிலுள்ள பிளாண்டயர் நகரில் இது எனக்குப் பதினான்காவது ஆண்டு.

பெட்டியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் இந்தியக் கடைகள் உண்டு. பருப்பும் மசாலாவும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். வடக்கே விளையும் கிலொம்பெரோ அரிசி சோறு வேகும்போதே மணக்கும். மலாவி ஏரியில் பிடித்துக் காயவைக்கும் உசிபா என்ற சிறு மீன் நம் நெத்திலிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை. புளி மட்டும் கொஞ்சம் கட்டிக்கொண்டு வாருங்கள். ஸ்வெட்டர் அவசியம்: ஜூன், ஜூலையில் முலாஞ்சே மலைப்பக்கம் சிப்பெரோனி என்னும் குளிர்ந்த தூறல் நாள்கணக்கில் விடாது. மலேரியா தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இங்கே வந்தபின் ஒரு நாள்கூட வலையில்லாமல் தூங்காதீர்கள். விசா விஷயத்தைத் திட்டத்தின் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். நீங்கள் வந்து இறங்கும் மாதம் இங்கே பசிக்காலம். மக்காச்சோளம் வயலில் பச்சையாக நிற்கும். போன ஆண்டு அறுத்தது வீட்டில் தீர்ந்திருக்கும். ஏப்ரலில் அறுவடை தொடங்கும்வரை பல வீடுகளில் ஒரு வேளைதான் சாப்பாடு. உங்கள் வார்டில் படுக்கைகள் நிரம்புவதும் அப்போதுதான்.

என் முதல் பிப்ரவரியில் ஒரு மாலை, வாசலில் "ஓடி!" என்று குரல் கேட்டது. இங்கே கதவைத் தட்டுவதற்குப் பதில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உள்ளிருப்பவர் "ஓடினி" என்று சொல்ல வேண்டும். முதுகில் குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு தாய் நின்றாள். கையிலிருந்த குவாச்சா நோட்டுகளைக் கொடுத்தேன். மறுநாள் விடியும்போது என் திண்ணையில் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் மூன்று பேருக்குத்தான் இருந்தது. மற்ற எட்டுப் பேரும் "சிகோமோ" என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். ஒன்றும் பெறாமல் சொன்ன அந்த நன்றி இன்றும் என்னைச் சுடுகிறது. அன்று மாலை வார்டின் மூத்த செவிலி என்னைத் தனியாக அழைத்து, "எந்த வீட்டில் மாவு தீர்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எங்களிடம் கேட்டிருக்கலாமே" என்றார். கோபமில்லை; வருத்தம்தான்.

அதனால் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள் என்றல்ல, கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிரெஸ்பிட்டேரியன் சபையின் பிளாண்டயர் சினட்டில், அதாவது மண்டலத்தில், பெண்கள் ஐக்கியத்திற்கு ம்வானோ என்று பெயர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அவர்கள் முதலில் அறிவார்கள். அவர்கள் கை வழியாகப் போகும் மாவு யாரையும் தலைகுனிய வைப்பதில்லை.

பயன் இருக்குமா என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. உங்களோடு வேலை செய்யப்போகிறவர்கள் 2022–23 காலராவையும், 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயலையும் தாங்கி நின்றவர்கள். எடை குறைந்த குழந்தையைப் பற்றி உங்களுக்கு அவர்கள் சொல்லித் தருவார்கள். நம் வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பிஷப்பான அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று நாம் பெறும் பக்கம் இருந்தோம். இன்று விமானம் ஏறிக் கொடுக்கும் பக்கம் வந்து நிற்கிறோம். அந்த வேண்டுகோள் இப்போது நம்மிடம் கேட்கப்படுகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மூன்று மாதம் திட்ட அறிக்கையைவிட வணக்கத்திற்கு நேரம் கொடுங்கள். "முலி ப்வாஞ்சி" என்று நலம் விசாரிக்காமல் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தில் அடித்தது போலிருக்கும். வயதில் மூத்த பெண்களை "அமாயி" என்று கூப்பிடுங்கள். நம் அம்மாதான், வாய் தானாகப் பழகிவிடும். மதியம் மருத்துவமனைக்குப் பின்னால் நோயாளிகளின் உறவினர்கள் சமைக்கும் கொட்டகைக்குப் போங்கள். அங்கே சாப்பிடும் முன் ஒருவர் செம்பிலிருந்து நீர் ஊற்ற, கீழே ஒருவர் பாத்திரம் பிடிக்க, ஒவ்வொருவராகக் கை கழுவுவார்கள். பிறகு மக்காச்சோள மாவுக் களியான ந்சிமாவைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் குழி செய்து கீரையைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். கேழ்வரகுக் களி தின்ற கைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து ஒரு பாட்டி, "இவள் கையால் சாப்பிடுகிறாள்" என்று பக்கத்துப் பாட்டியிடம் சொன்ன நாளிலிருந்துதான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன்.

இன்னொன்று: மலிரோ, அதாவது சாவு வீடு. யாராவது இறந்தால் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் போவார்கள். நீங்களும் போங்கள். பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்து பாடுவார்கள். பாட்டு தெரிய வேண்டியதில்லை, உடன் உட்கார்ந்தால் போதும்.

தனிமை வரத்தான் செய்யும், குறிப்பாக மழை நாளில் மின்சாரம் போன மாலைகளில். நம் ஊரில் இரவு எட்டு மணி என்றால் இங்கே நாலரை. அம்மாவிடம் பேச அதுவே நல்ல நேரம். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் சரி.

பிளாண்டயரின் சிலேகா விமான நிலையத்தில் இறங்கும் தேதியை எழுதுங்கள், வந்து நிற்கிறேன். இங்கே பெண்கள் பாவாடைக்கு மேல் சுற்றும் துணிக்குச் சிதெஞ்சே என்று பெயர். உங்களுக்காக இரண்டு வாங்கி வைக்கிறேன்: ஒன்று ஆராதனைக்கு, ஒன்று மலிரோவுக்கு.