ஊறுகாய் கடைசியில் வரட்டும்

தம்பி, லண்டனுக்குப் படிக்க வந்து நான்கு மாதம் ஆகிறது, ஸ்டாண்ட்-அப் காமெடி மேடையில் ஒரு முறையாவது ஏற ஆசை, உச்சரிப்பை மாற்றணுமா, காசு வருமா, எங்கே போகலாம், குளிருக்கு எந்தக் கோட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்டைப் பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் மேடையைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் விசா. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, மேடைக் கலைஞராக வேலை பார்க்கவும் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார்களே, அதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசு வாங்காமல் ஏறுவதாக இருந்தாலும் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும்தான் பண்றாங்க" என்கிற சீனியர்கள், உங்களுக்குப் பிரச்சினை என்றால் ஒரு போன்கூட எடுக்க மாட்டார்கள். நான் வந்தது 2007-ல். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கைக்கு வந்த பிறகு, 2013-ல்தான் மைக்கைப் பிடித்தேன். காத்திருந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

காசு வராது. புதியவருக்கு ஐந்து நிமிடம் தருவார்கள், அவ்வளவுதான். சில இடங்களில் நம்மோடு ஒரு ஆளைக் கூட்டிவந்தால்தான் அந்த ஐந்து நிமிடமும். அதற்கு ப்ரிங்கர் என்று பெயர். இதில் எனக்கு நம் ஆட்கள் மேல் தீராத கோபம் உண்டு. சென்னையிலிருந்து சினிமாக்காரர் வந்தால் ஐம்பது பவுண்டு கொடுத்துக் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்காருகிறவர்கள், "ஒரு மணி நேரம் வந்து உட்காருங்க அக்கா" என்றால், "பப்புக்கா? உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார்கள். அன்று எனக்குத் துணைக்கு வந்தவள் அலுவலகத்தில் பக்கத்து மேசை நைஜீரியத் தோழி. கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை, புண்ணியவதி.

இடம் என்று கேட்டால், முதல் தடவையே காமெடி ஸ்டோருக்கு ஓடாதீர்கள். 1979-ல் லண்டன் சோஹோ பகுதியில் தொடங்கிய பழைய காமெடி கிளப் அது. அங்கே கிங் காங் (King Gong, குரங்கு இல்லை, மணி) என்று ஓர் இரவு வைப்பார்கள். பார்வையாளர்களில் மூன்று பேர் கையில் அட்டை இருக்கும். மூன்றும் உயர்ந்துவிட்டால் மணியடித்து இறக்கிவிடுவார்கள். ஐந்து நிமிடம் தாக்குப்பிடிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். பப் மாடிகளில் நடக்கும், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறக்கூடிய சின்ன ஓப்பன் மைக் எதிலாவது மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பெயர் கொடுங்கள்.

உச்சரிப்பை மாற்றவே மாற்றாதீர்கள். வேகத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள். நம் அப்பா அம்மா பேசும் ஆங்கிலத்தைக் கோணலாகப் பேசிக்காட்டிச் சிரிப்பு வாங்குகிறவர்களை இங்கே நிறையப் பார்ப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம் என்று முதல் நாளே முடிவெடுத்தேன், இன்றுவரை அதில் மாற்றமில்லை. ரொமேஷ் ரங்கநாதனைப் பாருங்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு மேடைக்கு வந்தவர். வீட்டைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார், ஆனால் வீட்டு மனிதர்கள் மனிதர்களாகவே வருகிறார்கள்.

உண்மையான சிக்கல் வேறு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். கதை எப்படிப் போனாலும் முடிச்சு தானாக வாக்கிய முடிவில் அவிழும். ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்து விழுந்துவிடும். என் முதல் ஜோக், விமான நிலையத்தில் எங்கள் அப்பா சொன்னது. பெட்டி நான்கு கிலோ கூடிப்போய் எல்லோர் முன்னாலும் திறந்துவைத்து நிற்கிறேன். அப்பா குனிந்து மெதுவாக, "புஸ்தகத்தை எடுத்துரு, ஊறுகா இருக்கட்டும்" என்றார். மேடையில் நான் இதை "ஊறுகாயை எடுக்காதே என்று அப்பா சொன்னார், பெட்டி எடை கூடியபோது" என்கிற வரிசையில் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கோ பின்னால் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது. நான் இறங்கியதும் நிகழ்ச்சியை நடத்தியவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஊறுகாயைக் கடைசி வார்த்தையாக வை." அடுத்த வாரம் பெட்டி, எடை, புத்தகம் எல்லாம் முடிந்து கடைசியில் ஊறுகாய் வந்தது. அறையே சிரித்தது. உங்கள் ஜோக் ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, சிரிப்பு வரவேண்டிய சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். அதற்குப் பிறகு வேறு சொல் இருந்தால் வெட்டுங்கள்.

அந்த ஊறுகாயை நினைத்தால் ஈஸ்ட் ஹாம் அறைதான் நினைவுக்கு வருகிறது. மூன்று பெண்கள், ஒரு ஜன்னல். மின்சார மீட்டர் சாவியைக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு ஏற்றினால்தான் விளக்கு எரியும். ஜனவரியில் ஒரு ராத்திரி காசு தீர்ந்துபோய், ஜாக்கெட்டோடு இருட்டில் உட்கார்ந்து தயிர்சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். மேடையில் முதலில் சொல்ல அதுதான் வாயில் வந்தது.

இங்கே பிக்கிள் என்றால் ரொட்டியில் சீஸோடு வைக்கிற இனிப்பும் புளிப்புமான சமாச்சாரம். அந்த இரண்டாவது வாரம் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "உன் அப்பா புத்தகத்தை விடச் சொன்னாரே, அப்படி என்னதான் ஊறுகாய் அது?" என்று கேட்டார். நார்த்தங்காய்க்கு ஆங்கிலத்தில் சட்டென்று வார்த்தை வரவில்லை. அடுத்த வாரம் சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.