செமன் டின், சால்மன், விலாங்கு: சில கேள்விகள்

கடையில் 'செமன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் அணை தாண்டும் சால்மனா? (வாசகி, நோர்வூட்)

இல்லை. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட அணை தாண்டி ஆறேறுவது சால்மன். டின்னில் அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் டின்களில் பெரும்பாலும் இருப்பது கானாங்கெளுத்தி வகைக் கடல்மீன். சால்மனின் உண்மையான உறவுக்காரரைப் பார்க்க ஹோட்டன் சமவெளி ஓடைகளுக்குப் போங்கள். வெள்ளைக்காரர் தூண்டில் பொழுதுபோக்குக்காக விட்ட வானவில் டிரவுட் அங்கே இருக்கிறது. பசிபிக் சால்மனும் அதுவும் ஒரே பேரினம். (தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், அது தேசியப் பூங்கா.)

அணை தாண்டும் மீனை எப்படி எண்ணுகிறார்கள்? (மாணவர், தலவாக்கலை)

அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் பொன்னவில் அணை 1938இல் இயங்கத் தொடங்கியது. அங்கே மீன் ஏணி உண்டு; படிப்படியாக உயரும் நீர்த்தொட்டிகள்தாம் ஏணி. ஓரத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்குப்பிள்ளை நிற்பதுபோல ஓர் ஆள் அதன் முன் அமர்ந்து, ஏறுகிற மீனை இனம் பிரித்து எண்ணுகிறார்.

ஆனால் தம்பி, ஏறுவதை எண்ணுவது சுலபம். குஞ்சு கடலுக்கு இறங்குவதைத் தொடர்வதுதான் பாடு. அதற்கென ஒரு சில்லு இருக்கிறது. 12 மில்லிமீற்றர் நீளம், நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது, பேட்டரி கிடையாது. குஞ்சை மயக்கி, ஊசியால் வயிற்றறைக்குள் செலுத்துகிறார்கள். அணையில் பொருத்திய அன்டெனாவைக் கடக்கும்போது அதன் புலமே சில்லை எழுப்பும். சில்லு தன் எண்ணைச் சொல்லும். சில ஆண்டுகள் கழித்து அதே எண், முட்டையிடப் போகும் பெரிய மீனாக, ஏணியில் ஏறி வரும். பெரும்பாலான எண்கள் திரும்புவதில்லை.

ஓர் அணையில் நூற்றுக்கு 95 குஞ்சு பிழைத்தால் போதாதா? (வாசகர், ஹட்டன்)

ஓர் அணை என்றால் போதும். கொலம்பியாவின் கிளையாறான ஸ்னேக் ஆற்றின் மேற்பகுதியில் பிறக்கும் சால்மனுக்குக் கடல்வரை 8 அணைகள். நீங்கள் சொல்லும் 95 வீதத்தையே எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், 66தான் மிஞ்சும். டர்பைன் இதழ் அடிக்கும். நீரழுத்தம் சட்டென்று விழுந்து காற்றுப்பை சிதையும். தப்பியது தலைசுற்றி மேலே வந்தால் பறவை கொத்தும். டர்பைனைத் தவிர்க்க வான்கதவைத் திறக்கிறார்கள். அளவு மீறினால், விழும் நீரில் காற்று மிகையாகக் கரைந்து குமிழி நோய் வருகிறது.

இனி நம் பக்கம். தலவாக்கலையிலிருந்து நீரோடு இறங்குங்கள்: மேல் கொத்மலை, கொத்மலை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே. மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக் குடா இன்னும் வெகு தூரம்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன் நிறையக் கிடைக்கிறதே, நமக்கு என்ன கவலை? (வாசகர், நோர்வூட்)

திலாப்பியாவை வைத்து ஆற்றை எடைபோடாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அது தேங்கிய நீரிலேயே பெருகும். என் கவலை விலாங்கு. சால்மனுக்கு நேர்மாறாக அது கடலில் பிறந்து, ஆறேறி வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். சிறு விலாங்கு ஈரப்பாறையில் ஊர்ந்து ஏறும், தோலாலும் சுவாசிக்கும். அதற்காக 122 மீற்றர் உயர விக்டோரியா அணையை ஏறிவிடுமா? அப்படியே மேலே போய் வளர்ந்தாலும், திரும்புகையில் அந்த நீண்ட உடல் டர்பைன் இதழுக்கு எளிதில் அகப்படும்.

லயத்துக்குக் கீழே ஓடையில் முழங்கைத் தடிமனில் விலாங்கு பிடித்ததாகத் தாத்தா சொல்வார். நான் அங்கே ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் கதையை வைத்துக் கணக்கு எழுத முடியாது.

அப்படியானால் அணையை உடைக்க வேண்டுமா? (அதே வாசகர்)

அமெரிக்காவில் கிளமத் ஆற்றில் 4 அணைகளை அகற்றி முடித்த 2024இலேயே சால்மன் மேலே போய்விட்டது. நம் மின்சாரத்துக்கு அந்த வழி ஒத்துவராது. சிறிய தடுப்பணைகளிலாவது விலாங்கு ஏற, தூரிகை முடி பதித்த ஈரச் சரிவு போதும்.

இங்கே ஆய்வை எப்படித் தொடங்குவது? (தலவாக்கலை மாணவர்)

ஒரு கொப்பி வாங்குங்கள். விலாங்கு அகப்பட்ட இடம், திகதி, நீளம், அணைக்கு மேலா கீழா என்று எழுதுங்கள். பெரியவர்களிடம் எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், மறந்திருப்பார்கள். கொத்மலை அணை கட்டுவதற்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள்.