பெரிய அளவில் ஆடாதவர் டிஃபென்ஸ் கோச் ஆகலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகன் கல்லூரியில் கணிதம் படிக்கிறான். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியதெல்லாம் பள்ளியோடு சரி. இப்போது டிஃபென்ஸ் கோச், அதாவது எதிரணியைத் தடுக்கும் வீரர்களுக்குப் பயிற்சியாளர், ஆகப் போகிறேன் என்கிறான். இவனுக்கு அங்கே இடம் உண்டா? பிழைக்க முடியுமா?

பதில்: இடம் உண்டு. சம்பளம் என்று சொல்லும்படி ஒன்று கைக்கு வரத்தான் நாளாகும்.

டிஃபென்ஸ் கோச் விக் ஃபான்ஜியோவைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் டன்மோர் என்ற சிற்றூர்க்காரர். அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஊர்ப் பள்ளி அணியில் கோச்சாகத் தொடங்கி, 1983-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்ட் (மேல்படிப்பு படித்துக்கொண்டே செய்யும் உதவிக் கோச் வேலை) ஆனார். 1986-ல் என்.எஃப்.எல். அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் லைன்பேக்கர் எனப்படும் நடுவரிசைத் தடுப்பு வீரர்களுக்குக் கோச், 1995-ல் புது அணியான கரோலினா பாந்தர்ஸில் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது டிஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பாளர். தலைமைக் கோச் பதவி கிடைத்தபோது வயது அறுபது. டென்வரில் மூன்று சீசன், மூன்றிலும் தோல்விகளே அதிகம், அனுப்பிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் கோஆர்டினேட்டராக என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார். நான்கு பேரை மட்டும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) மேல் பாயவிட்டு, மற்ற ஏழு பேரைப் பின்னால் காவலுக்கு நிறுத்தியே கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை 6 முறை வீழ்த்தினார்கள். ஸ்கோர் 40-22.

உங்கள் மகன் முதலில் பார்க்கப்போகும் வேலை இவ்வளவு பளபளப்பாக இருக்காது. குவாலிட்டி கன்ட்ரோல் என்று ஒரு பதவி. எதிரணியின் வீடியோவை ஒவ்வொரு நகர்வாக நிறுத்தி, எத்தனையாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), இன்னும் எத்தனை கெஜம், பந்து மைதானத்தின் எந்தப் பக்கம், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் எத்தனை பேர், தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் எத்தனை பேர் என்று பதிந்துகொண்டே போக வேண்டும். அப்புறம் அதையே அட்டைகளில் வரைந்து தர வேண்டும். பயிற்சியில் சொந்த அணியின் மாற்று வீரர்கள் சேர்ந்த ஸ்கவுட் அணி அதைப் பார்த்து எதிரணிபோல ஆடிக்காட்டும். நள்ளிரவு தாண்டும். 'மூன்றாவது டவுன், ஏழு கெஜம் என்றால் இவர்கள் என்ன செய்வார்கள்?' என்ற கேள்விக்குப் பதில் இந்தப் பதிவிலிருந்துதான் வரும். கணிதம் படித்தவருக்கு இது கை வந்த கலையாகலாம்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. என்.எஃப்.எல்.லில் ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி உள்ள டிஃபென்ஸ் வீரர் ஒருவரோடு மட்டுமே கோச் ரேடியோவில் பேசலாம். ஒவ்வொரு நகர்வையும் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அதுவும் அறுந்துவிடும். அதற்குமேல் வீரர்களே பார்த்துச் சமாளிக்க வேண்டும். ஆகவே வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் திறமைதான் உண்மையான தேர்வு. ஆடிய அனுபவம் இல்லாதவரை வீரர்கள் சில வாரம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். கேட்ட கேள்விக்கு உருப்படியான பதில் வந்தால் அது தானாக அடங்கும்.

இப்போதே செய்யக்கூடியது: அவர் படிக்கும் கல்லூரியில் அணி இருந்தால் மாணவ உதவியாளராகச் சேரட்டும். வீடியோ எடுக்கும் வேலை கிடைத்தாலும் விடவேண்டாம். பட்டம் முடிந்ததும் கிராஜுவேட் அசிஸ்டென்ட் இடம். பெரும்பாலும் மேல்படிப்புக் கட்டணம் தள்ளுபடி, கையில் சொற்பத் தொகை. ஆண்டுதோறும் ஜனவரியில் அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் சங்கத்தின் மாநாடு நடக்கும். பாதி வேலைகள் அங்கே காரிடாரில்தான் பேசப்படும், போகச் சொல்லுங்கள்.

தலைமைக் கோச் நீக்கப்பட்டால் உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் கணித ஆசிரியர் சான்றிதழையும் வாங்கிவைப்பது நல்லது. பள்ளி அணிகளின் கோச்சுகளில் பலர் பகலில் பாடம் நடத்துபவர்கள்தான்.